வீட்டுக் கிணறும் நீரிறைக்கும் மின்யந்திரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி ஈறாகப் பெய்யும் மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தினுள்ளே தங்குகின்றது. ஆண்டின் எஞ்சிய மாதங்களுக்கு அதுவே நமக்கு முதல். இங்கு வளவுதோறும் கிணறு இருப்பதும், காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தனித்து எடுத்தெழுதப்படுவதும் இது பற்றியே.

அக்கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவரும் முறை இரண்டு தலைமுறைக்குள் முற்றும் மாறிவிட்டது. தோட்டக் கிணற்றில் துலா மிதிப்போரும், பட்டை பிடித்துக் கவிழ்ப்போரும், பாத்திகளுக்கு நீர் மாறுவோருமாகப் பலர் விடியுமுன் கூடி இறைத்த காலம் ஒன்று இருந்தது. 1950களிலும் அதன் பின்னரும் மண்ணெண்ணெய் யந்திரங்கள் வந்து துலாவை ஓய்வுறச் செய்தன. மின்சாரம் பரவப் பரவ வீட்டுக் கிணற்றடிக்கும் சிறு மின்யந்திரம் வந்து சேர்ந்தது. 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்தபோது கப்பிக்கும் வாளிக்கும் மீண்டோம். இன்று மறுபடியும் ஆளியை அழுத்தினால் நீர் கூரைமேல் ஏறுகின்றது.

அரைப் பரிவலு யந்திரம் ஒன்று 373 வோற்று வலுவைத் தரும். இடையறாது உழைக்கும் ஒரு மனிதனிடத்துப் பெறக்கூடிய வலு ஏறத்தாழ 75 வோற்று. எனவே ஐந்து ஆட்களை ஒரு சிறு தகரக் கூட்டினுள் அடைத்துக் கிணற்றடியில் நிறுத்தியுள்ளோம் எனலாம். அவ்வைவரும் ஒருநாள் வேலைக்கு வாராது நின்றுவிடின் துன்புறுவோர் யாவர் என்பதையும் எண்ண வேண்டும். நம் பழைய மாணவர் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். ஊரிலுள்ள வீட்டில் முதிய தாயும் தந்தையுமே இருப்பர். அவ்வீட்டில் யந்திரம் நிற்பதாயின், எழுபது வயதுடைய ஒருவர் கயிறு பிடித்து நீர் அள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். ஆகவே இவ்யந்திரத்தின் இயல்பை வீட்டிலுள்ளோரும், அதை வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பாற் சென்றோரும் ஓரளவு அறிந்திருத்தல் நன்று. அறிய வேண்டியது மிகுதியன்று. பழுது என்று சொல்லப்படுவனவற்றுட் பெரும்பாலானவை யந்திரத்தில் உள்ளவையல்ல. யந்திரத்துக்கும் கிணற்று நீருக்கும் இடையே உள்ள சில அடிக் குழாயிலேயே உள்ளவை. இதனை விளங்கிக்கொண்டாற் பாதி வேலை முடிந்தது.

வழக்கில் நாம் முழுவதையும் 'மோட்டர்' என்று சொல்லிவிடுகின்றோம். உண்மையில் ஒரே அச்சிற் பூட்டிய இரண்டு பொறிகள் அங்கே உள்ளன. பின்னால் விசிறியும் மின்கம்பிச் சுருள்களும் கொண்டிருப்பது மோட்டர். முன்னால் இரண்டு குழாய் வாய்களோடு இருப்பது பம்பி. இவ்விரண்டுள் எதுவும் நீரை 'இழுப்பதில்லை'. இது பலருக்கும் வியப்பளிக்கும். பம்பி செய்வதெல்லாம் தன் வயிற்றிலுள்ள நீரை வெளியே வீசி எறிவதே. அவ்வாறு எறியும்போது உள்ளே அமுக்கம் குறைகின்றது. கிணற்று நீரின் மேற்பரப்பை வளிமண்டலம் எப்போதும் அழுத்திக்கொண்டிருத்தலின், அவ்வமுக்கமே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. கிணற்றிலிருந்து யந்திரம் வரை நீரை ஏற்றுவது வளி. யந்திரத்திலிருந்து தாங்கி வரை ஏற்றுவதே யந்திரம்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் இரசத்தை நிரப்பிக் கவிழ்த்து, அது 76 சதமமீற்றரில் நிற்பதைக் காட்டிய ஆசிரியரை நினைவிற் கொண்டோர்க்கு இது புதிதன்று. உறிஞ்சு பம்பிகள் நீரை ஓர் உயரத்துக்குமேல் ஏற்ற மறுப்பதைக் கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளியான தமது நூலிற் குறித்திருந்தார். அவர்பின் வந்த தொரிசெல்லி அதன் காரணத்தைத் தேடி, நீருக்குப் பதிலாக இரசத்தைக் கொண்டு பாரமானியை ஆக்கினார். இரசம் நீரிலும் 13.6 மடங்கு பாரமானது. ஆகவே 76 சதமமீற்றர் இரசத்தைத் தாங்கும் வளி, நீரை ஏறத்தாழ 34 அடி வரையுமே தாங்கும். அதற்கு ஓர் அங்குலம் மேலே ஏற்றுவதற்கு எத்துணைப் பெரிய மோட்டராலும் ஆகாது. குழாயின் உராய்வும், நம் நாட்டு வெப்பத்தில் நீர் ஆவியாக முனைவதும், பம்பியின் வாயில் நிகழும் இழப்பும் சேரும்போது, நடைமுறையில் 25 அடியே எல்லை எனக் கொள்ளல் வேண்டும். இதனை அறியாது, கோடையில் நீர் வரவில்லையென்று அரைப் பரிவலுவைக் கழற்றி ஒரு பரிவலுவைப் பூட்டுவோர் உளர். பணம் போகும், நீர் வாராது. செய்யத்தக்கது யந்திரத்தைக் கிணற்றுநீருக்கு அணித்தாக இறக்கி வைத்தலே. நல்ல வேளையாகக் குடாநாட்டுக் கிணறுகளிற் பல ஆழங் குறைந்தவை. கிணற்றுக்கட்டின் அருகே தரையில் வைத்தாலே போதும். ஆழமான கிணறுகளுக்கு நீர்மூழ்கி மோட்டரே உரியது. அது நீரினுள்ளே இருந்து மேலே தள்ளுதலின் மேற்கூறிய எல்லை அதற்கு இல்லை.

நீரை மேலே தள்ளுவது வளி என்றோம். அவ்வளியே குழாயினுள் புகுமாயின் வேலையைக் கெடுப்பதும் அதுவே. பம்பியினுள்ளே இம்பெலர் எனப்படும் சில்லு ஒன்று நிமிடத்துக்கு 2,800 சுற்றுகளுக்கு மேற் சுழல்கின்றது. நீர் பாரமானது, சுழற்றினால் விளிம்பை நோக்கி விசையோடு பாயும். வளியோ நீரிலும் ஏறக்குறைய 800 மடங்கு இலேசானது. அதனைச் சுழற்றினாற் பயனுள்ள அமுக்க வேறுபாடு எதுவும் பிறவாது. ஆதலின் பம்பியின் வயிறும் கிணற்றில் இறங்கும் குழாயும் முழுவதும் நீரால் நிறைந்திருந்தாலன்றி யந்திரம் வெறிதே சுழன்றுகொண்டிருக்கும். புதிதாகப் பூட்டும்போது மேலேயுள்ள அடைப்பைக் கழற்றி நீர் வார்ப்பது இதன்பொருட்டே. குமிழிகள் வெளிவருதல் நிற்கும்வரை பொறுமையாக வார்க்க வேண்டும். ஒரு செம்பு நீரை ஊற்றிவிட்டு ஆளியை அழுத்துவோர் மூன்று முறை முயன்று மூன்று முறையும் யந்திரத்தை வைவர்.

ஒருமுறை நிறைத்த நீர் மீண்டும் கிணற்றுக்குள் ஓடிவிடாமற் காப்பது குழாயின் அடியிலுள்ள புட்வால்வு. மேல்நோக்கி மட்டும் திறக்கும் ஒரு சிறு கதவும், அதைச் சூழ ஒரு வடியும் கொண்டது அது. முழு அமைப்பிலும் விலை குறைந்த உறுப்பு அதுவே; மிகுதியான தொல்லைக்கு மூலமும் அதுவே. ஒரு வேப்பிலைக் காம்பு, சிறிது மணல், அல்லது நம் நீரிலுள்ள சுண்ணாம்புப் படிவு அக்கதவின் விளிம்பில் ஒட்டிக்கொண்டாற் போதும். இரவோடிரவாக நீர் இறங்கிவிடும். காலையில் மோட்டர் ஓடும், நீர் வாராது. வீட்டார் மோட்டர் பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்வர். கடையில் ஒரு தொட்டியில் வைத்து ஓட்டிப் பார்ப்பர், நன்றாக இறைக்கும். வீட்டுக்குக் கொணர்ந்து பூட்டினால் மீண்டும் இறையாது. இப்படி இருமுறை முச்சக்கரவண்டிக்குக் கொடுத்த கூலியில் இரண்டு புட்வால்வு வாங்கலாம்.

இதனைச் சோதிக்கும் வழி எளிது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேலடைப்பைக் கழற்றி, நீரை விளிம்பு வரை நிரப்பிப் பத்து நிமிடம் பார்த்திருக்க வேண்டும். நீர்மட்டம் அசையாது நின்றாற் புட்வால்வு நன்று. குழாய்ப் பொருத்துக்களும் நன்று. மட்டம் இறங்கின், முதலிற் கிணற்றுக்கு மேலேயுள்ள பொருத்துக்களில் எங்கேனும் நீர் கசிகின்றதா என்று பார்க்க. கசிவு எங்கும் இல்லையாயின் குற்றம் பெரும்பாலும் அடியிலே. யந்திரம் ஓடும்போது வெளிவரும் நீர் பால்போல் வெளுத்து, விட்டு விட்டுப் பாயுமாயின், எங்கோ வளி உட்புகுகின்றது. நீரே கசியாத நுண்ணிய பிளவினூடும் வளி நுழையும். யந்திரம் ஓடிக்கொண்டிருக்கையிற் சவர்க்கார நுரையை ஒவ்வொரு பொருத்திலும் பூசினால், பிளவுள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபடுவதைக் கண்ணாற் காணலாம்.

கிணற்றுக்குழாயைப் பூட்டுவோர்க்கு இரண்டொன்று சொல்ல வேண்டும். பம்பியின் வாய் ஓர் அங்குலமாயின் குழாயும் ஓர் அங்குலத்திற் குறைதல் ஆகாது. சிறு குழாய் மலிவு என்று முக்கால் அங்குலத்தைப் பூட்டினால், அதே அளவு நீருக்கு உராய்வு நான்கு மடங்காகின்றது. அன்றியும், கிணற்றிலிருந்து பம்பியை நோக்கிச் செல்லும் குழாய் சிறிது சிறிதாக உயர்ந்தே செல்ல வேண்டும். நடுவில் ஒரு கூன் விழுந்தால் அங்கே வளி தங்கிவிடும். எவ்வளவு வார்த்தும் போகாது. புட்வால்வு கிணற்றின் அடியிலிருந்து ஓர் அடியாவது மேலே இருத்தல் நலம். சேறும் மணலும் ஏறா. கோடையிலும் அது நீர்மட்டத்துக்கு ஓர் அடிக்குக் குறையாமற் கீழே இருக்க வேண்டும். இல்லையேல் நீரிற் சுழி உண்டாகி வளி இறங்கும். ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் இவ்விரு நிபந்தனைகளும் ஒன்றோடொன்று முரணுமாயின், கிணறு தூர்ந்துவிட்டது என்று அறிக. அப்போது வேண்டுவது பொறிவல்லுநர் அல்லர். கிணறு கலக்கி இறைப்போரே.

இம்பெலரில் இரு வகை உண்டு. ஒன்று, வளைந்த அலகுகளையுடைய மையநீக்கப் பம்பியின் சில்லு. அவ்வளைவு ஒரு சிறு நுணுக்கம்போலத் தோன்றினும் பயன் பெரிது. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெருங் கண்காட்சியில் அப்போல்ட் என்பார் வளைந்த அலகுப் பம்பியைக் காட்டினார். அவ்வலகுகள் நேரான அலகுகளிலும் இரு மடங்குக்கு மேலான பயனைத் தந்தன. மற்றையது, விளிம்பில் நெருங்கிய சிறு பற்களையுடைய பித்தளைச் சில்லு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அரைப் பரிவலு யந்திரங்களுட் பல இவ்வகையின. குறைந்த வலுவில் உயரத்துக்கு ஏற்றும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆயின் சில்லுக்கும் கூட்டுக்கும் இடைவெளி மிகச் சிறிதாகையால், மணல் பட்டால் தேய்ந்துவிடும். சுண்ணாம்பு படிந்தால் இறுகிவிடும். இவ்விரண்டும் மற்றொன்றிலும் வேறுபடும். வெளிக்குழாயை மூடிவைத்து ஓட்டினால் பற்சில்லு யந்திரத்தின் மோட்டர் மிகைச் சுமையால் எரியும். மையநீக்கப் பம்பியின் சுமையோ குறையும். ஆயினும் உள்ளேயுள்ள நீர் சுழன்று சுழன்று சூடேறி, பீவீசி குழாயையே இளக்கிவிடும். எவ்வகையாயினும் தாங்கியின் வால்வைத் திறந்துள்ளோமா என்று பாராது ஆளியைத் தொடுதல் கூடாது.

நீரின்றி ஓடவிடுதலே யந்திரத்துக்கு இழைக்கும் பெருந் தீங்கு. மோட்டரின் அச்சு பம்பியினுள் நுழையும் இடத்தில் 'சீல்' என்னும் உறுப்பு உண்டு. கரியாலான ஒரு வளையமும் சுட்ட களிமண் இனத்தைச் சேர்ந்த ஒரு வளையமும் ஒன்றோடொன்று உராய்ந்துகொண்டே நீரைத் தடுக்கின்றன. அவற்றின் இடையே படியும் நீரின் மெல்லிய படலமே எண்ணெயும் குளிர்நீரும் ஆகின்றது. நீர் இல்லையேற் சில நிமிடங்களுக்குள் வளையங்கள் கருகிக் கீறல் விழும். அதன்பின் பம்பிக்கும் மோட்டருக்கும் இடையேயுள்ள சிறு துவாரத்தால் நீர் சொட்டும். அத்துவாரம் நமக்கு அறிவித்தற்கென்றே வைக்கப்பட்டது. அதனைச் சிலர் பசையால் அடைத்துவிடுகின்றனர். பின்னர் அந்நீர் உள்ளே சென்று பெயாரிங்கைத் துருப்பிடிக்கச் செய்து, இறுதியில் மின்சுருளையும் நனைக்கின்றது. சீலை மாற்றுவது சிறு செலவு. சுருளை மீளச் சுற்றுவது ஏறக்குறையப் புதிய யந்திரத்தின் விலை.

மோட்டர்ப் பகுதியிற் பொதுமக்கள் செய்யத்தக்கது சொற்பமே. அதன் மேலோ பக்கத்திலோ உள்ள பெட்டியினுள் 'கப்பாசிற்றர்' என்னும் உருளை இருக்கும். நூல்கள் அதனைக் கொள்ளளவி என்னும். ஒற்றை மின்வழியில் ஓடும் மோட்டர் தானாகத் தொடங்க இயலாதது. எப்பக்கம் சுழல்வது என்பதை அதற்குக் கற்பிப்பது இவ்வுருளையே. ஆளியை அழுத்தியதும் யந்திரம் முனகிக்கொண்டு சுழலாது நிற்குமாயின் உடனே நிறுத்துக. அந்நிலையில் ஓடும் மிகை மின்னோட்டம் சிறிது நேரத்திற் சுருளை எரிக்கும். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்தபின், விசிறிப் பக்கத்து அச்சைத் திருகாணிச் சாவியால் மெல்லத் திருப்பிப் பார்க்க. இலகுவாகத் திரும்பினால் உருளை மீதே ஐயம். திரும்ப மறுத்தால், உள்ளே சில்லு துருவினாலோ சுண்ணாம்பினாலோ இறுகியுள்ளது. வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் வெளிநாடு சென்று திரும்புவோர் காண்பது பெரும்பாலும் இதனையே. அயலவர் ஒருவரிடம் கிணற்றடித் திறப்பைக் கொடுத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லிச் சென்றால் இத்துன்பம் இல்லை. அதற்கு வாய்ப்பில்லையேற் பம்பியின் அடியடைப்பைக் கழற்றி நீரை வடித்துவிட்டுப் போதல் வேண்டும். உருளையைத் தொடும் முன் ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது மின்னைத் தேக்கி வைத்திருக்கும். ஆதலின் அது மின்வினைஞரின் வேலை.

மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும் வேளையிலே வோல்ற்றளவு குறைதல் உண்டு. 230 வோல்ற்று 180 ஆகக் குறையின், மோட்டரின் திருகுவிசை பாதியைச் சிறிதே தாண்டிய அளவாகச் சுருங்குகின்றது. சுமையை விடாது பற்றிக்கொண்டு அது மேலும் மின்னோட்டத்தை உறிஞ்சிச் சூடேறும். விளக்கு மங்கும் நேரத்தில் நீர் இறைக்க வேண்டா. மெல்லிய நீட்டிப்பு வயரை முற்றத்தினூடே இழுத்து மோட்டரை இயக்குவதும் இதே தீங்கை நாமே வருவித்துக்கொள்வதாகும்.

மழைக்கும் வெயிலுக்கும் ஒரு சிறு கூரை வேண்டும். பொலித்தீன் பையால் இறுகச் சுற்றுவது தவறு. உள்ளே வியர்த்து ஈரம் தங்கும், விசிறிக்கும் காற்று இராது. மின்தொடுப்புப் பெட்டியின் மூடி நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும். எறும்பும் பல்லியும் அதனுட் குடியேறுவது நம் ஊரில் நாடோறும் காணும் காட்சி.

இனிச் சொல்வது யந்திரத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. நீரும் மின்சாரமும் ஓரிடத்திற் கூடுவது கிணற்றடியிலேயே. ஈர உடலோடு, வெறுங்காலோடு, நனைந்த சீமெந்துத் தரையில் நாம் நிற்பதும் அங்கேயே. சுருளின் காப்பு சிறிது கெட்டு, மின் யந்திரத்தின் இரும்புக் கூட்டுக்குப் பாயுமாயின், அதைத் தொட்டவர் வழியே அது நிலத்துக்கு இறங்கும். இதனைத் தடுக்க இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, கூட்டிலிருந்து நிலத்துக்குச் செல்லும் புவித்தொடுப்புக் கம்பி. மற்றையது, பிரதான பலகையில் உள்ள 'றிப் சுவிச்'. போகும் மின்னும் திரும்பும் மின்னும் 30 மில்லியம்பியர் வேறுபட்டாலே அது கணப்பொழுதில் மின்சாரத்தை அறுத்துவிடும். அதன் மேலுள்ள சிறு சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க. விழவில்லையாயின் அது வெறும் அலங்காரம்.

ஈண்டு நம்மிடையே வழங்கும் கொடிய பழக்கம் ஒன்றைச் சொல்லாது விடுதல் இயலாது. மோட்டரைப் போடும்போதெல்லாம் றிப் விழுகின்றது என்று வீட்டார் முறையிடுவர். அறியாத் தொழிலாளர் ஒருவர் வந்து புவிக்கம்பியைக் கழற்றிவிடுவார். றிப் விழுவது நிற்கும். 'சரிவந்துவிட்டது' என்று பணமும் பெற்றுச் செல்வார். நிகழ்ந்தது யாதெனின், அதுவரை கம்பி வழியே நிலத்துக்கு இறங்கிய மின், இப்போது யாரேனும் ஒருவர் வந்து தொடுவதற்காக அக்கூட்டிலே காத்திருக்கின்றது. றிப் சுவிச்சையே நீக்கி நேராகத் தொடுத்துவிடுவோரும் உளர். அவ்வீட்டிற் கூடத்து விளக்கு முதற் குளியலறை வரை யாதொரு காவலும் இல்லை. றிப் விழுவது பழுதன்று; பழுதை அது சொல்லுகின்றது. மோட்டரை மின்வழியிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, காப்பைச் சோதித்து அறியும் கருவியுள்ள மின்வினைஞரை அழைத்தலே செய்யத்தக்கது. அதுவரை வாளி இருக்கின்றது.

நீர்மூழ்கி மோட்டர் உள்ள கிணற்றில், அது ஓடும்போது எவரும் இறங்கவோ கயிற்றால் அள்ளிக் குளிக்கவோ கூடாது. கிணறு கலக்குவதற்கு ஆள் இறங்குமுன் ஆளியை மட்டுமன்றிப் பிரதான இணைப்பையும் துண்டித்து, பலகையருகே ஒருவரை நிறுத்துதல் நன்று. மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் யந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவதை எக்காரணம் கொண்டும் செய்யற்க. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உள்ளே நிற்போர் மயங்கி விழுவர். தூக்க இறங்குவோரும் விழுவர்.

செலவைப் பற்றிச் சிறிது. 1,000 லீற்றர் நீரை 40 அடி உயர்த்துவதற்குக் கோட்பாட்டளவில் வேண்டிய சத்தி ஓர் அலகு மின்சாரத்தின் முப்பதில் ஒரு பங்கே. நம் சிறு யந்திரங்கள் அதைப்போல் நான்கு முதல் எட்டு மடங்கு வரை செலவிடுகின்றன. அவ்வாறாயினும் கால் அலகளவிலேயே முடிந்துவிடும். ஆகவே மின்கட்டணம் ஏறினால் யந்திரத்தைப் பழித்தற்கு முன், தாங்கி நிரம்பி வழிவதையும், கழிவறைத் தொட்டியில் ஓயாது ஒழுகுவதையும் பார்க்க. தாங்கியில் ஒரு மிதவை ஆளி பூட்டினால் வழிதல் நிற்கும். நிரம்புவதற்கு வழமையாக இருபது நிமிடம் எடுத்தது இன்று நாற்பது எடுக்குமாயின், எங்கேனும் அடைப்போ தேய்வோ உண்டு. சுண்ணாம்பு படிந்த புட்வால்வையும் வடியையும் வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்துக் கழுவினால் இளகிவரும்.

இவ்வளவையும் செம்மையாகச் செய்தாலும், யந்திரத்தின் இறுதி உறுப்பு கிணறே. குடாநாட்டின் அடியில் நன்னீர் தனித்து இல்லை. மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்நீர் நன்னீரிலும் நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. அதனால், நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு ஓர் அடி மேலே நிற்குமிடத்து, அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் உண்டு என்பது கணக்கு. இதனைக் கண்டறிந்து கூறியோர் ஒல்லாந்தராகிய கைபென், செருமானியராகிய எர்சுபேர்க்கு என்னும் இருவர். கணக்கை மறுதலையாகப் படித்தால் அச்சம் விளையும்: மேலே ஓர் அடி நிலையாகத் தாழ்ந்தால், கீழே உவர் 40 அடி ஏறிவரும். நம் சுண்ணக்கல்லில் குகைகளும் வெடிப்புகளும் இருத்தலின் இவ்வெண்கள் இடத்துக்கிடம் மாறும், போக்கு மாறாது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே. ஆழக் குழாய்க்கிணறு தோண்டினால் நல்ல நீர் மிகும் என்று எண்ணிச் செலவிட்டோர் சிலர் உவரையே கண்டதற்கும் காரணம் இதுவே.

துலாவும் வாளியும் இருந்த காலத்தில் கிணறு களைக்குமுன் மனிதன் களைத்தான். மின்யந்திரம் களைப்பதில்லை. பன்னிரண்டடி அகலமுள்ள வட்டக் கிணற்றில் 1,000 லீற்றர் எடுத்தால், ஊறாதவழி நீர் நான்கு அங்குலமே தாழும். ஆறடிக் கிணற்றிலோ பதினைந்து அங்குலம் தாழும். ஒரு வீட்டின் குளிப்பும் சமையலும் கிணற்றைக் கெடுப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். கெடுப்பது, ஒரே நீர்த்தேக்கத்தில் வாய்வைத்துள்ள தோட்டங்களும் வீடுகளும் கோடையின் உச்சியில் ஒரேநேரத்தில் இடைவிடாது இறைப்பது. கடலோரத்து வீடுகளும் தீவகத்து வீடுகளும் இதனை முதலில் உணரும். அங்கே பெரிய யந்திரத்தைப் பூட்டி ஒருமுறை வெறுமையாக்குவதிலும், சிறிய யந்திரத்தாற் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சிறிது சிறிதாக எடுப்பது மிக நன்று. புட்வால்வை அடிவரை இறக்காது, நல்ல நீர் நிற்கும் மேற்பகுதியிலேயே விடுதல் வேண்டும். சவர்ச் சுவை தோன்றினால் இறைப்பை நிறுத்திச் சில நாள் கிணற்றை ஓயவிடுக. குழாயை மேலும் ஆழத்துக்கு இறக்கற்க.

கப்பியையும் கயிற்றையும் எடுத்து எறிந்துவிட்ட வீடுகள் பல. 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டபோது அவ்வீட்டார் அயற்கிணற்றுக்குக் குடம் எடுத்தனர். கப்பியை அது தொங்கிய இடத்திலேயே விட்டு, மாதம் ஒருமுறை எண்ணெய் இடுவது பெருஞ் செலவன்று.

அத்தோடு, அடி தோறும் முடிச்சிட்ட ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, மாதப்பிறப்பன்று இறைப்புக்கு முன்னர்க் கிணற்றுக்கட்டின் ஒரே இடத்திலிருந்து இறக்கி, நீர்மட்டத்தை அளந்து, யந்திரக் கூண்டின் கதவில் நாளோடு எழுதிவைக்கலாம். தாங்கி நிரம்ப எடுத்த நிமிடங்களையும் பக்கத்தில் எழுதுக. ஓராண்டுக் கணக்கு இருந்தால், மின்வினைஞர் வந்து நிற்கையில் மட்டம் தாழ்ந்ததா, யந்திரம் தளர்ந்ததா என்பதை அவருக்கு நாமே சொல்லலாம்.